செய்கூலி உண்டு



டெல்லி துவாரகாவாசிகளுக்கு விமானச் சத்தம் காதில் விழுவதில்லை. ராத்திரி பகல் என்று பாராமல் தலைக்கு மேலே போய்ப் போய், அது மின்விசிறிச் சத்தம் மாதிரி ஆகிவிட்டது. விருந்தாளிகள்தான் அண்ணாந்து பார்ப்பார்கள். ஆனால் போன ஆடி மாதம் எங்கள் குடியிருப்பில் புதிதாக ஒரு சத்தம் கிளம்பியது. காலை பதினொரு மணிக்கு மேல் டிண், டிண், டிண். கொஞ்சம் இடைவெளி. மறுபடி டிண், டிண். யாரோ குழாய் ரிப்பேர் செய்கிறார்கள் என்றார் காவலாளி. ஏசி மாட்டுகிறார்கள் என்றார் எதிர்வீட்டுக்காரர். மூன்று வாரமாகவா ஏசி மாட்டுவார்கள்?

சத்தத்தைத் தேடிக்கொண்டு போனால் அது மூன்றாம் மாடியில், நம் ஊர்ப் பெண் ஒருத்தி வீட்டுப் பால்கனியில் போய் முடிந்தது. வங்கிக் கணக்கு வேலையை விட்டுவிட்டு வந்தவள். துளசித் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன முக்காலி. அதன்மேல் பழைய கார் டயரில் வெட்டிய வட்டம், டயர்மேல் மணல் மூட்டை, மணல் மூட்டைமேல் உள்ளங்கை அகல இரும்புக் கட்டை. கீழ் வீட்டுக்காரர் சண்டைக்கு வந்த பிறகு செய்துகொண்ட ஏற்பாடாம் அந்த டயரும் மணலும். "இப்பக் குறைஞ்சிருக்கு அங்கிள், முன்னாடி கேட்டிருந்தா ஓடியே போயிருப்பீங்க" என்றாள். கையில் உருண்டைத் தலைச் சுத்தியல். கட்டையின்மேல் ஒரு செப்புத் தகடு.

அரை மணி நேரம் பார்த்துவிட்டு வரலாம் என்று உட்கார்ந்தவன், மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டிலிருந்து ஆள் வந்து கூப்பிடும் வரை எழுந்திருக்கவில்லை. பார்த்ததைச் சொல்கிறேன்.

22 கேஜ் செப்புத் தகடு, அதாவது நம் நகக்கனத்தைவிடக் கொஞ்சம் கூட. அதைச் சின்ன காஸ் விளக்கில் காட்டுகிறாள். முதலில் ஆரஞ்சு, ஊதா என்று நிறங்கள் ஓடுகின்றன. பிறகு கறுக்கிறது. கடைசியில் மங்கலான சிவப்பு. அந்தச் சிவப்பு தெரிந்ததும் இடுக்கியால் எடுத்துத் தண்ணீரில் போடுகிறாள். எஃகை இப்படிச் செய்தால் இறுகும் என்று படித்திருக்கிறோம். செம்பு நேர்மாறு. குழைந்து, விரலால் வளைத்தால் வளைகிறது. மேலே படிந்த கறுப்பை எடுக்க அவள் வைத்திருந்தது என்ன என்று நினைக்கிறீர்கள்? எவர்சில்வர் கிண்ணத்தில் உப்புப் போட்ட புளிக்கரைசல்! குத்துவிளக்குத் தேய்க்க அம்மா கரைப்பாளே, அதேதான். புளியின் அமிலம் செம்பின் கறுப்பைக் கரைத்துவிடுகிறது.

அப்புறம் தட்டு. ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு குழி. குழிமேல் குழி விழாமல், இடைவெளியும் தெரியாமல், ஓரத்திலிருந்து நடுவுக்கு. தட்டத் தட்டத் தகடு அகலமாகிறது. அதனால்தான் முதலில் தட்டி, பிறகு வடிவம் வெட்ட வேண்டும். வட்டமாக வெட்டிக்கொண்டு தட்டினால் அது தோசை மாதிரி எங்காவது கோணிக்கொள்ளும். இன்னொரு விஷயம்: தட்டத் தட்ட உலோகம் இறுகுகிறது. ஓர் எல்லைக்கு மேல் போனால் விளிம்பில் விரிசல் விழும். அதற்கு முன்னால் நிறுத்தி மறுபடி சூடு காட்ட வேண்டும். எப்போது நிறுத்துவது? "சத்தம் மாறும் அங்கிள். டொக் டொக்னு இருந்தது டிண் டிண்னு ஆயிடும். அப்ப நிறுத்திடணும்." நாங்கள் மூன்று வாரமாகக் கேட்டு எரிச்சல்பட்டது, செம்பு போதும் போதும் என்று சொன்ன சத்தம்!

வெள்ளியில் செய்யும்போது குழிகளைக் கறுப்பாக்குவது இன்னொரு வேடிக்கை. கந்தகம் பட்டால் வெள்ளி கறுக்கும். கடையில் அதற்கென்று மருந்து உண்டு. அவசரத்துக்கு வேகவைத்த முட்டையின் மஞ்சள் கருவோடு நகையை டப்பாவில் போட்டு மூடினாலும் போதும், முட்டையில் இருக்கும் கந்தகமே வேலையைப் பார்த்துவிடும். சுத்த சைவமான அந்த வீட்டுக்குள் முட்டை நுழைந்தது இப்படித்தான். மாமியார் இன்னும் மன்னிக்கவில்லை. கறுத்த பிறகு மேட்டை மட்டும் தேய்த்து வெளுப்பாக்கினால், பள்ளத்தில் கறுப்பு தங்கி ஒவ்வொரு சுத்தியல் தடமும் தனியாகத் தெரியும்.

இவ்வளவும் ஆன ஒரு ஜோடித் தோட்டை, குடியிருப்பு தீபாவளி மேளாவில் மேசை போட்டு விற்றாள். விலை 650 ரூபாய். பக்கத்து மேசையில் நான் நம் பத்திரிகைக்குச் சந்தா சேர்த்துக்கொண்டிருந்தேன் (இரண்டு சந்தா கிடைத்தது, அந்தக் கதை வேண்டாம்). அதனால் எல்லாம் காதில் விழுந்தது. ஒருவர் தோட்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "நசுங்கியிருக்கே, இதுக்கு ஏதாவது குறைச்சுப்பீங்களா?" இன்னொருவர், நம் தமிழ்க்காரரே, சொன்னார்: "செம்புக்கா அறுநூத்தம்பது? மேலே தங்க முலாம்கூட இல்லியே!"

அவரை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் பேசியது நம் எல்லோருடைய பேச்சுத்தான்.

நகை என்றால் நமக்கு எடை. எத்தனை பவுன் என்பதுதான் கேள்வி, யார் செய்தது என்பதல்ல. இத்தனைக்கும் பொன்வேலை செய்பவருக்கு நம் மொழி வைத்த பெயரே 'தட்டார்'. சுத்தியல் பெயரிலேயே இருக்கிறது. ஊர் ஊருக்குத் தட்டாரத் தெரு இருந்தது. நகாசு என்று ஒரு வேலை. தகட்டை அரக்கில் பதித்து, உளியால் முன்னும் பின்னும் தட்டித் தட்டி மயிலையும் யானையையும் லட்சுமியையும் புடைத்தெழச் செய்வது. கோயம்புத்தூர்ப் பக்கம் இன்றும் செய்கிறார்கள். உரைநடை நன்றாக இருந்தால்கூட 'நகாசு வேலை' என்று பாராட்டும் அளவுக்கு அந்தச் சொல் நம்மிடம் ஊறிவிட்டது. தென்பாண்டிப் பாட்டிமார் காதில் தொங்கிய பாம்படத்தை நினைத்துப் பாருங்கள். சதுரமும் உருண்டையும் முக்கோணமுமாகத் தங்கத் தகட்டில் அடித்து, உள்ளே அரக்கு நிரப்பிய அந்த நகையை இன்று ஒரு கண்காட்சியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தால், நவீன சிற்பம் என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

ஆனால் அந்தக் கையை நாம் எப்படி நடத்தினோம்? என் பாட்டி வீட்டில் கல்யாணத்துக்கு நகை செய்ய வேண்டும் என்றால் பத்தர் வீட்டுக்கே வருவார். திண்ணையில் உமியோடும் ஊதுகுழலும் வைத்துக்கொண்டு வேலை செய்வார். எதிரில் தாத்தா நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். சின்ன வயதில் நான், தாத்தாவுக்குக் கலையில் எவ்வளவு ஈடுபாடு என்று நினைத்திருந்தேன். அவர் கலையைப் பார்க்கவில்லை, பொன்னைக் காவல் காத்தார். பெற்ற தாயின் பொன்னிலும் தட்டான் கொஞ்சம் எடுப்பான் என்று பழமொழியே வைத்திருக்கிறோம். போதாததற்குச் சிலப்பதிகாரத்தில் கோவலனைக் கொலைக்களத்துக்கு அனுப்பியதும் ஒரு பொற்கொல்லனின் பொய். சேதாரம் என்றால் திருட்டு, செய்கூலி என்றால் வீண்செலவு என்று மனசில் பதிந்துவிட்டது. அந்த மனசைத்தான் விளம்பரக்காரர்கள் சரியாகப் பிடித்தார்கள். செய்கூலி இல்லை, சேதாரம் இல்லை என்று தொலைக்காட்சியில் பாடிப் பாடி, செய்த கைக்கு ஒன்றும் தரவேண்டாம் என்பதை ஒரு சலுகையாகவே நமக்கு விற்றார்கள். உண்மையில் யாரும் கூலியில்லாமல் செய்யவில்லை. கூலி வேறு பெயரில் வேறு கட்டத்தில் ஒளிந்திருந்தது, அவ்வளவுதான்.

தங்கத்தில் இந்த ஏமாற்று செல்லும். ஏனென்றால் உலோகத்தின் விலை முன்னால், கூலி பின்னால் நிற்கும் வால். செம்பில் செல்லாது. கணக்கைப் போடுங்கள். ஒரு ஜோடித் தோட்டுக்கு வெட்டுத் துண்டு உட்படப் பத்து கிராம் தகடு. செம்பு கிலோ ஆயிரம் ரூபாய் என்றே வைத்துக்கொண்டாலும் அது பத்து ரூபாய். காது புண்ணாகாமலிருக்க வெள்ளிக் கொக்கி, காஸ், அட்டைப்பெட்டி எல்லாம் சேர்த்து 150 என்று வைத்துக்கொள்வோம். வேலை நேரம் இரண்டரை மணி. 2025 ஏப்ரலில் டெல்லி அரசு திறன் பெற்ற தொழிலாளிக்கு நிர்ணயித்த குறைந்தபட்ச ஊதியம் மாதம் 22,411 ரூபாய். 26 நாளால் வகுத்தால் நாளுக்கு 862, எட்டு மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு ஏறத்தாழ 108. இரண்டரை மணிக்கு 270. ஆக அடக்க விலையே 430. மேளாவில் மேசை வாடகை, விற்காமல் திரும்பியவை, தட்டும்போது விரிசல் விட்டுக் குப்பைக்குப் போனவை எல்லாம் இதில் சேரவில்லை. நம் தமிழ்க்காரர் பேரம் பேசி 400க்கு வாங்கிப் போனார். வாங்கியவருக்கு அவள் கைக்காசு முப்பது ரூபாய் கொடுத்து அனுப்பினாள் என்று அர்த்தம்.

ஒரு வினோதம் சொல்லட்டுமா? கைவினைஞர்களுக்கான நாட்டின் பெரிய திட்டத் தொடக்கம் ஒன்று எங்கள் துவாரகாவிலேதான் நடந்தது. 25ஆம் செக்டரில் யசோபூமி மாநாட்டு மையம் இருக்கிறது. 2023 செப்டம்பர் 17, விஸ்வகர்மா ஜெயந்தி அன்று பிரதமர் அதைத் திறந்துவைத்தார். விமான நிலைய மெட்ரோவையும் 21ஆம் செக்டரிலிருந்து அங்கே நீட்டினார்கள். அதே மேடையில்தான் பி.எம். விஸ்வகர்மா திட்டம் தொடங்கியது. 13,000 கோடி ரூபாய். தச்சர், கொல்லர், பொற்கொல்லர், குயவர், சிற்பி என்று 18 தொழில்கள். பயிற்சிக்கு நாளுக்கு 500 ரூபாய், கருவி வாங்க 15,000, ஐந்து விழுக்காடு வட்டியில் முதலில் ஒரு லட்சமும் பிறகு இரண்டு லட்சமும் கடன். நல்ல திட்டம்தான். அந்த மண்டபத்தின் தரையில் பித்தளைக் கம்பி பதித்து ரங்கோலி போட்டிருக்கிறார்கள். போனால் குனிந்து பாருங்கள். நான் போன அன்று எல்லோரும் கூரையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

யசோபூமியிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி டிண் டிண் என்று தட்டிக்கொண்டிருக்கும் எங்கள் மூன்றாம் மாடிக்கு அந்தத் திட்டத்தில் இடமில்லை. குடும்பவழியாகத் தொழில் செய்பவர்களை மனசில் வைத்து எழுதிய திட்டம் அது. இவளுடைய அப்பா தபால் துறை. கணவரோ மத்திய அரசு ஊழியர், அரசு ஊழியர் குடும்பத்துக்குத் திட்டம் கிடையாது. அது நியாயமும்கூட. முதல் காரணம்தான் யோசிக்க வைக்கிறது. குலத்தொழில் என்ற அந்தச் சாயல் வேண்டாம் என்று சொல்லித்தான் தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் இந்தத் திட்டத்தை அப்படியே ஏற்க முடியாது என்றது. 2025 ஏப்ரலில் 'கலைஞர் கைவினைத் திட்டம்' என்று தனியாகத் தொடங்கியது. 25 தொழில்கள், 35 வயது நிரம்பியவர்கள், மூன்று லட்சம் வரை கடன், அதில் 50,000 வரை மானியம். அரசியல் சண்டையில் யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல இந்தப் பக்கத்தில் இடமில்லை. ஆனால் சுத்தியலைப் பிடிக்க அப்பா பெயர் எதற்கு என்ற கேள்வியில் நான் தமிழ்நாட்டின் பக்கம். இவள் கற்றுக்கொண்டது கரோல்பாகில், வங்காளத்திலிருந்து வந்து பீடன்புராச் சந்தில் உட்கார்ந்து தங்கவேலை செய்யும் ஒரு பெரியவரிடம். ஞாயிறுகளில், எட்டு மாதம். அவர் கற்றுக்கொடுத்த முதல் பாடம் சுத்தியலின் கைப்பிடியை இறுக்கிப் பிடிக்கக் கூடாது என்பதாம்.

புளியைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? அமிர்தசரஸ் பக்கம் ஜண்டியாலா குரு என்று ஓர் ஊர். அங்கே பித்தளை, செம்புப் பாத்திரம் அடிப்பவர்களுக்குத் 'தட்டேரா' என்று பெயர். அவர்கள் கைவேலையை 2014இல் யுனெஸ்கோ அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. தகட்டைச் சூடாக்கி, சின்னச் சின்னக் குழிகளாகத் தட்டித் தட்டித்தான் பாத்திரத்தை வளைக்கிறார்கள். கடைசியில் மெருகேற்றுவது மணலும் புளிச்சாறும் கொண்டு. பஞ்சாபிலும் புளி! நம் தட்டாருக்கும் அவர்கள் தட்டேராவுக்கும் சொல்லில் உறவு உண்டா என்பதை மொழி அறிஞர்கள் பார்த்துக்கொள்ளட்டும். சத்தத்தில் உறவு உண்டு.

பண்டிகைக் காலம் வருகிறது. ஜன்பத்திலும் சரோஜினி நகரிலும் 'ஹேமர்டு', 'ஆக்சிடைஸ்டு' என்று நகைகளைக் குவித்து வைத்திருப்பார்கள். நூறு ரூபாய்க்கு ஆசையாக வாங்குங்கள், வேண்டாம் என்று சொல்ல நான் யார்? என் பேத்தியே ஒரு டப்பா நிறைய வைத்திருக்கிறாள். கைவேலை என்று சொல்லி விலை கூட்டினால் மட்டும் ஒரு சோதனை செய்யுங்கள். ஒரே மாதிரியான இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குழிகள் இரண்டிலும் அதே இடத்தில் இருந்தால் அது அச்சு. கை ஒரே மாதிரி இரண்டு தடவை தட்டாது. ஜெர்மன் சில்வர் என்பதில் வெள்ளி துளியும் இல்லை. செம்பும் நிக்கலும் துத்தநாகமும்தான். நிக்கல் ஒத்துக்கொள்ளாத காது அரிக்கும். வெள்ளி என்று சொன்னால் 925 முத்திரையைக் கேளுங்கள். 2025 செப்டம்பர் முதல் வெள்ளிக்கும் ஹால்மார்க்கோடு தனி அடையாள எண் போடுகிறார்கள், தொடங்கியபோது அது கட்டாயமாக்கப்படவில்லை. செம்பு, பித்தளை நகை தோலில் பச்சைக் கறை விட்டால் பயப்பட வேண்டாம், வியர்வை செய்கிற வேலை. கழுவினால் போய்விடும்.

அச்சு என்றாலே மட்டம் என்றும் சொல்லவில்லை. நம் ஜன்பத் தேசிய அருங்காட்சியகத்தில் மொகஞ்சதாரோ நடனப் பெண் நிற்கிறாள். 1926இல் கிடைத்தவள், உயரம் 10.5 சென்டிமீட்டர், இடக்கை முழுக்க வளையல். அவள் மெழுகு வார்ப்பில் பிறந்தவள். மெழுகில் உருச் செய்து, மண்ணால் மூடி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுவது. சுவாமிமலையில் இன்றும் அப்படித்தான். உருவை எடுக்க மண்ணை உடைத்தாக வேண்டும் என்பதால் ஓர் அச்சுக்கு ஓர் உரு, அதோடு சரி. ஓர் அச்சில் பத்தாயிரம் அடித்துவிட்டு 'கைவேலை' என்று எழுதுவதுதான் பொய். நடனப் பெண் நிற்கும் அருங்காட்சியகம் துவாரகாவிலிருந்து மெட்ரோவில் போகிற தூரம்தான். குழந்தைகளை அழைத்துப் போங்கள்.

நகை செய்கிற வாசகிகள் சிலர் எங்கே விற்பது என்று கேட்டு எழுதியிருந்தீர்கள். முதல் வேலையாக மத்திய ஜவுளி அமைச்சகத்தின் கைவினை ஆணையர் அலுவலகம் வழங்கும் 'பெஹ்சான்' கைவினைஞர் அட்டைக்கு விண்ணப்பியுங்கள். அலுவலகம் நாம் தமிழ்ச் சங்கத்துக்குப் போகிற அதே ஆர்.கே. புரத்தில் இருக்கிறது. அரசு கண்காட்சிகளுக்கு அதுதான் நுழைவுச் சீட்டு. 1994இல் ஐ.என்.ஏ. பக்கத்தில் தொடங்கிய தில்லி ஹாட்டில் கைவினைஞர்களுக்குக் கடைகளை நிரந்தரமாகக் கொடுப்பதில்லை, முறைவைத்து மாற்றிக்கொண்டே இருப்பார்கள். துவாரகாவாசிகளுக்கு ஜனக்புரி தில்லி ஹாட் இன்னும் பக்கம். விலைச்சீட்டில் உலோகம் இவ்வளவு, வேலை இவ்வளவு என்று இரண்டு வரியாகப் பிரித்து எழுதச் சொன்னேன் எங்கள் மூன்றாம் மாடிப் பெண்ணிடம். தயங்கினாள். பிறகு எழுதினாள்: செம்பு 10 ரூபாய், செய்கூலி 270 ரூபாய். அடுத்த மேளாவில் பேரம் பேசியவர்கள் குறையவில்லை. ஆனால் பேரம் பேசும்போது சுத்தியலைப் பற்றிக் கேட்டார்கள். இருவர் பால்கனிக்கே வந்து பார்த்தார்கள்.

செப்டம்பர் 17ஆம் தேதி இங்கே பட்டறைக்குப் பட்டறை விஸ்வகர்மா பூஜை நடக்கும், கருவிகளுக்கு மாலை போடுவார்கள். நமக்கு அது நவராத்திரி முடிவில் ஆயுத பூஜையன்று. வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணிலோ ஊரில் பூட்டிக் கிடக்கும் வீட்டிலோ பழைய உமியோடு, ஊதுகுழல், கம்பி இழுக்கும் அச்சு, உரைகல், தேய்ந்துபோன சுத்தியல் ஏதாவது கிடந்தால், ஆயுத பூஜையன்று பொட்டு வைத்துப் படம் எடுத்து அனுப்புங்கள். யாருடையது, என்ன செய்தார், கூலி எவ்வளவு வாங்கினார் என்று நான்கு வரி எழுதினால் போதும். தீபாவளி மலரில் எட்டுப் பக்கம் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்